நான் கூடுதலாக ஊற்றிய அரை லிட்டர்

செல்வம்,

போன வாரம் சாப்பிடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். சாதாரண ரோட்டில் நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாத கியர் பாக்ஸ், பந்தய டிராக்கில் பத்துச் சுற்று ஓடியதும் கை வைக்க முடியாதபடி கொதிப்பது ஏன் என்று கேட்டாய். நான் பாதி பதில்தான் சொன்னேன். டிராக்கில் இன்ஜின் முழு வேகத்திலேயே சுற்றுகிறது, பற்களின் மேல் சுமை குறைவதே இல்லை, சில நொடிக்கு ஒருமுறை கியர் மாறுகிறது, ஆயிலுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை என்றேன். நீ தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாய். மீதிப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரும் திங்கட்கிழமை நீ சென்னைக்குப் போய் ஏகாம்பரம் மாமாவின் பட்டறையில் சேரப் போகிறாய். அந்த மீதியைத் தெரிந்துகொள்ளாமல் நீ அவர் முன்னால் போய் நிற்கக் கூடாது. அவர் உன்னிடம் ஒருநாளும் சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குக்கூட இதில் பாதிதான் தெரியும்.

நானும் ஏகாம்பரமும் ஒரே வருடம் சென்னைக்குப் போனவர்கள். அவன் செங்கத்துக்காரன், நான் இந்த மலையடிவாரத்துக்காரன். ஒரே அறையில் தங்கி, மாலதி அம்மா என்பவரின் வண்டிக் கொட்டகையில் வேலை பார்த்தோம். மாலதி அம்மாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு அச்சகம் நடத்தினார். அதில் வந்ததையெல்லாம் ஒரு தாழ்வான இரண்டு கதவு வண்டியில் கொட்டினார். பெரிய இன்ஜின் மாற்றி, பின் சீட்டைப் பிடுங்கி எறிந்து, பந்தயத்துக்கென்றே நாங்கள் கட்டிய வண்டி அது. பந்தயத்தில் ஓட்டுவதும் அவரேதான். எங்கள் இருவரில் ஏகாம்பரம்தான் கெட்டிக்காரன். ஒரு நட்டை இறுக்கினால் அது எவ்வளவு இறுகியது என்று அவன் கைக்குத் தெரியும். எனக்கு அந்தக் கை கிடையாது. எனக்கு இருந்ததெல்லாம் ‘இது ஏன் இப்படி’ என்று குடைந்துகொண்டே இருக்கும் புத்தி ஒன்றுதான். அந்தப் புத்தி உனக்கும் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, உனக்கு ஒரு வயது முடிந்த சமயம். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். காலையில் ஏகாம்பரம் கியர் பாக்ஸில் புது ஆயில் ஊற்றினான். பாக்ஸின் பக்கவாட்டில் லெவல் பிளக் என்று ஒரு திருகு இருக்கும், உனக்குத் தெரியும். அந்த ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் நின்றால் போதும். அவன் ஊற்றி முடித்து என்னைக் கூப்பிட்டு, வண்டிக்கடியில் படுக்கச் சொல்லிக் காட்டினான். விளிம்பில் சரியாக நின்றது. நான் பார்த்தேன். அவன் பிளக்கை மூடிவிட்டு டயர் பார்க்கப் போனான். அதற்கு முந்தைய பந்தயத்தில் பாக்ஸ் சூடாகி இரண்டாவது கியர் சிக்கிக்கொண்டது எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் அதிகம் இருக்கிற அண்டா சீக்கிரம் கொதிக்காது, அதுபோல ஆயில் அதிகம் இருந்தால் சூடு ஏறத் தாமதமாகும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கியர் கம்பிக்குக் கீழே இருக்கும் மூடியை வண்டிக்குள்ளிருந்து கழற்றி, மேல் வழியாக இன்னும் அரை லிட்டர் ஊற்றி மூடிவிட்டேன். உபகாரம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வண்டி முன்னால் வந்து ஜெயித்தால் ஏகாம்பரத்திடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

ஏழாவது சுற்றில் வண்டிக்கடியிலிருந்து நீலப் புகை வந்தது. எட்டாவது சுற்றின் வளைவில் பாக்ஸ் இறுகிப் பிடித்து, பின்சக்கரங்கள் நின்று, வண்டி பம்பரமாகச் சுற்றி வைக்கோல் கட்டுகளில் மோதியது. மாலதி அம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. கியர் போடுகிற கை. பிறகு பாக்ஸைப் பிரித்தபோது உள்ளே ஒரு கிண்ணம் அளவுக்குக்கூட ஆயில் இல்லை. பற்கள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், ஆயில் ஊற்றாமலே மூடிவிட்டான் என்று. ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீயும் பாத்தியே, மட்டத்துக்கு இருந்திச்சே” என்றான்.

செல்வம், இந்த இடத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. நான் பார்த்தேன் என்று சொன்னால், அப்புறம் ஆயில் எங்கே போனது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி மேல் மூடியைத் தொட்ட என்னிடம்தான் வந்து நிற்கும். அதிகம் ஊற்றினால் காலியாகும் என்பது அன்று எனக்கும் தெரியாது. ஆனால் கேட்காமல் கை வைத்தவன் நான் என்பது தெரியும். “சரியா கவனிக்கலப்பா” என்றேன். அவ்வளவுதான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த வாரம் அவன் வேலையில் இல்லை. பந்தய வண்டி வைத்திருந்த வேறு யாரும் அவனைச் சேர்க்கவில்லை. செங்கத்துக்குத் திரும்பி, சந்தைக்குப் பக்கத்தில் விவசாயிகளின் பம்பு இன்ஜின்களைப் பழுது பார்க்க உட்கார்ந்தான். நானும் அங்கே இருக்கப் பிடிக்காமல் ஊருக்கு வந்து, மலை ஏறும் ஜீப்புகளுக்கு வேலை பார்க்க ஆரம்பித்தேன். செங்கம் சந்தைக்குப் போனால் அவன் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போவேன். ஒருமுறை எதிரே வந்துவிட்டான். நான் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். அன்று உன்னைத் தோளில் வைத்திருந்தேன். நீ சிரித்தாய், விளையாட்டு என்று நினைத்து.

இரண்டு வருடம் கழித்து ஒரு தை மாதக் காலையில் மாலதி அம்மா அதே வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு நம் ஊருக்கு வந்தார். மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே கூடியிருந்தது. புது பாக்ஸ் போட்டிருந்தார். அதுவும் சூடாகிறது. சென்னையில் பந்தய நாள் தவிர ஓடுதளம் கிடைப்பதில்லை. பாக்ஸைக் கொதிக்க வைத்துப் பார்க்க ஒரு நீண்ட ஏற்றம் வேண்டும், நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். அந்த வார்த்தைக்கு நான் லாயக்கில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன். ஆயில் அதிகம் இருந்தால் நல்லது என்ற என் ஊகம் சரியா தப்பா என்று பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு அடங்கவே இல்லை, அதுதான் காரணம்.

மலை மேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஏறும் பாதையில் அப்போது கீழ்ப்பாதிக்குத்தான் தார் போட்டிருந்தது. அந்தத் தூரம் எங்களுக்குப் போதும். இரண்டாவது கியரிலேயே முறுக்கிக்கொண்டு ஏறி, தார் முடியும் இடத்தில் திருப்பி, இறங்கி, மறுபடி ஏறுவது. சூட்டை அளக்க எங்களிடம் கருவி இல்லை. கை வைத்துப் பார்ப்பதை மாலதி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குச் சூடு என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு சூடு என்று தெரியாது என்றார். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு சூட்டில் உருகும் இல்லையா? தேன்மெழுகு முதலில் உருகும், அதற்கு மேல் சூடு ஏறினால் அரக்கு, தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டினால்தான் கந்தகம், அதையும் வெகுவாகத் தாண்டினால் பற்றவைக்கும் ஈயம். நான்கையும் ஒரு தகரப் பட்டையில் பொட்டுப் பொட்டாக ஒட்டி, பாக்ஸின் அடியில் போல்ட்டோடு சேர்த்து இறுக்கினேன். கீழே இறங்கி வந்ததும் எந்தப் பொட்டு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கந்தகம் உருகினால் ஆயில் கெடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டோம். கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. மெழுகும் அரக்கும் மலையிலேயே கிடைத்தன. தார் முடியும் இடத்தில் காளியம்மா என்பவருக்குச் சாமைக் காடும் நாலைந்து புளியமரமும் இருந்தன. அந்த அம்மாதான் கொடுத்தார்.

காளியம்மாவுக்கு எங்களைப் பற்றிப் பெரிய சந்தேகம். புளி உலுக்குவதை நிறுத்திவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். ஆளையும் ஏற்றாமல், மூட்டையையும் ஏற்றாமல், ஒரு வண்டி எதற்காக இத்தனை சத்தத்தோடு மேலே வந்து, சும்மா திரும்பிப் போகிறது என்று கேட்டார். பாக்ஸ் சூடாகிறதா என்று பார்க்கிறோம் என்றேன். “சூடாவுதுன்னா ஏன் ஓட்டறீங்க, நிறுத்திட்டுப் போறது” என்றார். மாலதி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து காளியம்மா வேலையை விட்டுவிட்டு, நாங்கள் வருவதற்கு முன்பே ரோட்டோரம் வந்து உட்கார்ந்துவிடுவார். கீழே போய் என்ன உருகியது என்று பார்த்துவிட்டு அடுத்த ஏற்றத்தில் அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் நான் என் பழைய கணக்குப்படியே மட்டத்துக்கு மேல் ஆயில் ஊற்றினேன். மாலதி அம்மாவிடம் சொல்லித்தான் ஊற்றினேன். அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று அவரும் நினைத்தார், பாக்ஸ் காலியான நாளிலிருந்து சென்னையிலும் தாராளமாகத்தான் ஊற்றச் சொல்லியிருந்தார். இரண்டாவது ஏற்றத்திலேயே கந்தகப் பொட்டைக் காணவில்லை. அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். முதல் ஏற்றத்திலேயே கந்தகம் போய்விட்டது. போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வைத்திருக்கும் மூச்சுத் துளை வழியாக நுரை கக்கியிருந்தது. தகரத்தை வளைத்து, முன்னாலிருந்து காற்று பாக்ஸின் அடியில் வந்து மோதும்படி ஒரு குழல் செய்து மாட்டினேன். ஏதோ சற்றுத் தேவலை. ஆனால் கந்தகம் நிற்கவில்லை. இருவரும் குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. இறங்கும்போது ஒரு கல் அடியில் தட்டி, வடிகால் திருகின் ஓரத்தில் கசிவு. எங்களுக்குத் தெரியாது. மூன்று ஏற்றம் முடித்து வந்து குனிந்து பார்த்தால் வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாக ஆயில். பாக்ஸ் வெந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பட்டையைக் கழற்றினேன். மெழுகு இல்லை, அரக்கு இல்லை. கந்தகம் மஞ்சளாக, வைத்தது வைத்தபடி இருந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. ஆயில் குறைந்திருக்கிறது, சூடும் குறைந்திருக்கிறது. உடனே பாக்ஸை வடித்து, ஒரு புட்டியால் அளந்தோம். கசிந்தது போக மிச்சம் இருந்தது, கிட்டத்தட்ட லெவல் பிளக் மட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அன்று மத்தியானமே திருகைச் சரி செய்து, சரியாக மட்டத்துக்கு ஊற்றி, வெயில் உச்சியில் இருக்கும்போது நான்கு ஏற்றம் ஓட்டினோம். கந்தகம் நின்றது. மறுபடி அரை லிட்டர் கூட ஊற்றினோம். உருகியது. வடித்தபோது ஆயில் ஆயிலாக வரவில்லை, பொங்கிய நுரையாக வந்தது.

அப்போதுதான் விளங்கியது. மட்டத்தோடு நின்றால் கீழே இருக்கும் பற்கள் மட்டும் ஆயிலில் தோய்ந்து, மேலே எடுத்துத் தடவிக்கொண்டு போகும். மூழ்க மூழ்க ஊற்றினால் அத்தனை சக்கரமும் ஆயிலையே கடைந்துகொண்டிருக்கும். கடைகிற வேலை முழுவதும் சூடாகிறது. நுரை பற்களுக்கிடையே நிற்பதில்லை. சூட்டில் பெருத்து, மூச்சுத் துளை வழியாக வெளியே போய்விடுகிறது. செல்வம், நீ கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். டிராக்கில் சூடு வரத்தான் செய்யும். அதைக் குறைக்கிறோம் என்று நாம் செய்வதே பல சமயம் அதைக் கூட்டிவிடும். மட்டத்துக்கு ஊற்று. காற்று போக வழி செய். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, ஆற விட்டு நிறுத்தச் சொல். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார், முகர்ந்து பார். கருகின வாடை வந்தால் உள்ளே பற்கள் உரசித் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

காளியம்மாவின் புளியமரத்தடியில் மாலதி அம்மா நோட்டைத் திறந்து வைத்து யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நோட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் நினைப்பு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தார். “அப்போ அன்னைக்கு பாக்ஸ் காலியா இருந்தது, கம்மியா ஊத்தினதால இல்ல. அதிகமா ஊத்தியிருக்கான் ஏகாம்பரம். நாம தப்பா நினைச்சிருக்கோம்” என்றார்.

அந்தக் கணத்தில் என் முன்னால் ஒரு கதவு திறந்தே இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். குற்றம் அவன் மேலேயே இருக்கும், கொஞ்சம் நிறம் மாறி. யாருக்கும் புது நஷ்டம் இல்லை என்று மனசு கிசுகிசுத்தது. நான் வாயைக்கூடத் திறந்துவிட்டேன். காளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, ஒடம்பு சரியில்லையா” என்று கேட்டார். ஏனோ அந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது.

“ஏகாம்பரம் ஊத்தலைங்க. அவன் மட்டத்துக்குத்தான் ஊத்தினான், நான் பாத்தேன். அதுக்கு மேல ஊத்தினது நான்.”

மாலதி அம்மா நோட்டை மூடினார். கோணலான மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவன் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார். செங்கத்தில் என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். “நான் சொன்னா அவனுக்கு அது வெறும் சேதி. நீதான் போய்ச் சொல்லணும்” என்றார்.

மறுநாள் பஸ் பிடித்துச் செங்கம் போனேன். இரண்டு வருடமாகச் சுற்றிப் போன தெருவில் நேராக நடந்தேன். ஏகாம்பரம் ஒரு பம்பு இன்ஜினின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். நான் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். மேல் மூடி, அரை லிட்டர், ‘சரியா கவனிக்கல’ என்று சொன்ன பொய், கந்தகம், நுரை எல்லாவற்றையும். அவன் கையிலிருந்த ஸ்பேனர் அசையவே இல்லை. நான் முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியை நீ நம்ப மாட்டாய்.

“எத்தினியாவது ஏத்தத்துல உருகிச்சு?”

சொன்னேன். எந்தப் பக்கம் பட்டை கட்டினாய், காற்றுக் குழல் எவ்வளவு அகலம், நுரை எந்த நிறத்தில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மண்ணில் பாக்ஸை வரைந்து, ஆயில் எங்கே நிற்கும், எந்தச் சக்கரம் எவ்வளவு மூழ்கும் என்று இருவரும் குனிந்து பார்த்தோம். அரை மணி நேரம் நாங்கள் பழைய அறையில் இருந்த மாதிரியே இருந்தோம். அவன் முகம் பளிச்சென்று இருந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவன் போல நிறுத்தினான். காலால் அந்தப் படத்தை அழித்தான்.

“ஏன்டா சொல்லல?”

பயந்துவிட்டேன் என்றேன். இன்றைக்கும் என் பதில் அதுதான். அவன் இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேயே நின்றேன். அவன் மறுபடி திரும்பவில்லை.

அந்த மாதமே மாலதி அம்மா செங்கத்துக்குப் போய், அந்தத் தெருவில் நாலு பேர் கேட்க மன்னிப்புக் கேட்டு, அவனை அழைத்துக்கொண்டு போனார். அந்த வண்டி அப்புறம் எத்தனையோ பந்தயம் ஓடியது. பாக்ஸ் ஒருமுறைகூட இறுகிப் பிடிக்கவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆறு வருடம் ஏகாம்பரம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் கோணிப்பையில் ஒரு பாக்ஸின் மூடியைச் சுற்றி எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். மட்டம் சரியாக இருந்தும் இது வேறு மாதிரி சூடாகிறது, வந்து பார் என்றான். நீ அப்போது மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. அன்றிலிருந்துதான் அவர் உனக்கு மாமா. பழையதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சூடானது ஏன் என்று இருவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அந்த வழியாகத்தான் அவர் நம் வீட்டுக்குள் வந்தார்.

போன மாதம் அவர் வந்து, பையனை என்னிடம் அனுப்பு என்று கேட்டபோது, பஸ் நிற்கும் இடம் வரை அவரோடு நடந்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவர், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார்.

“வேலை போனதுகூடப் பெரிசு இல்லடா. நீ கவனிக்கலன்னு சொன்ன பாரு. அதுக்கப்புறம் நான் மட்டத்துக்கு ஊத்தினேனா இல்லியான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. ரெண்டு வருசம் பம்புக்கு ஆயிலு ஊத்திட்டு மூணு வாட்டி தொறந்து பாப்பேன். எங் கையை நானே நம்பல.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். நான் திரும்பி நடந்து வீடு வந்து சேர்ந்த பிறகும் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேனாம், உன் அம்மா சொன்னாள்.

நீ அவரிடம் வேலை கற்றுக்கொள். எவ்வளவு வேண்டுமானாலும் குடைந்து கேள், அவருக்கு அது பிடிக்கும். அவர் பாக்ஸை மூடுவதற்கு முன் உன்னைக் கூப்பிட்டு மட்டத்தைப் பார்க்கச் சொல்வார். நன்றாகக் கீழே படுத்து, விளக்கு அடித்துப் பார். பார்த்ததை வாய்விட்டுச் சொல், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

உன் அப்பா